கொம்புச் சாணமா, யூரியா மூட்டையா?

கேள்வி இதுதான்: "ஆர்கானிக், பயோடைனமிக், சாதாரண ரசாயன விவசாயம் மூன்றுக்கும் நிஜமாகவே வித்தியாசம் இருக்கிறதா? பயோடைனமிக் என்பது ஆர்கானிக்கை விட ஒரு படி மேல் என்கிறார்களே, உண்மையா? ஊரில் அப்பாவின் நிலம் 2 ஏக்கர் இருக்கிறது. எதில் இறங்கலாம்?"

மண் பரிசோதனை வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசாயன விவசாயத்துக்கும் இயற்கை விவசாயத்துக்கும் (ஆர்கானிக்கைத்தான் இப்படிச் சொல்கிறேன்) உள்ள வித்தியாசம் பெரியது, மண்ணைக் கையில் எடுத்தாலே தெரியும். இயற்கைக்கும், அதோடு கொம்புச் சாணம் போன்ற தயாரிப்புகளையும் சேர்க்கும் பயோடைனமிக்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடிப் போனால் அது பெரும்பாலும் எருக்குழியோடு நின்றுவிடுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

மூன்றையும் ஒரே மண்ணில், ஒரே மழையில், பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் வைத்துப் பார்த்தால்தானே நியாயமாக ஒப்பிட முடியும்? அப்படி ஒரு வயல் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பாசல் நகரத்துக்குப் பக்கத்தில் தெர்வில் என்ற ஊரில், 1978-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. அந்நாட்டு இயற்கை வேளாண் ஆய்வு நிறுவனமும் அரசின் அக்ரோஸ்கோப் ஆய்வு மையமும் சேர்ந்து நடத்துகின்றன. பெயர் டிஓகே சோதனை. டி என்றால் பயோடைனமிக், ஓ என்றால் ஆர்கானிக், கே என்றால் ஜெர்மன் மொழியில் வழக்கமான முறை. 5 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளத்தில் 96 பாத்திகள். உருளைக்கிழங்கு, கோதுமை, தீவனப்புல்லோடு குளோவர் என்று 7 ஆண்டுப் பயிர்ச் சுழற்சி எல்லாப் பாத்திக்கும் ஒன்றுதான். உரமும் பயிர்ப் பாதுகாப்பும் மட்டும் மாறும்.

வழக்கமான முறையிலேயே இரண்டு வகை வைத்திருப்பது இந்தச் சோதனையின் கெட்டிக்காரத்தனம். ஒன்றில் மாட்டு எருவும் ரசாயன உரமும் சேர்ந்து போகும். இன்னொன்றில் வெறும் மூட்டை உரம். நம் ஊரில் "ரசாயன விவசாயம்" என்று ஒரே சொல்லில் திட்டுவது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஆனால் தொழு உரம் அடித்து, பற்றாக்குறைக்கு யூரியா போட்ட நம் தாத்தாக்கள் காலத்து வயலும், இருபது வருடமாக எரு என்பதையே பார்க்காத வயலும் எப்படி ஒன்றாகும்?

முதல் 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் சயன்ஸ் இதழில் வந்தன. இயற்கை, பயோடைனமிக் பாத்திகளில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. அதே நேரம் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகச் செலவானது, பூச்சிமருந்து 97 சதவீதம் குறைந்தது. இந்த 20 சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இரு தரப்பும் சண்டை போடுவார்கள். உள்ளே பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. கோதுமை, ரசாயனப் பாத்தியில் விளைந்ததில் 90 சதவீதம் வரை வந்தது. உருளைக்கிழங்கோ 58 முதல் 66 சதவீதத்தோடு நின்றது. சாம்பல் சத்துப் (பொட்டாசியம்) பற்றாக்குறையும் பின் இலைக்கருகல் நோயும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன. ஆகவே "இயற்கையில் விளைச்சல் எவ்வளவு குறையும்?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தப் பயிர் என்று சொன்னால் பதில் உண்டு.

மண்ணில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இயற்கைப் பாத்திகளில் மண்புழுக்களின் எடை, ரசாயனப் பாத்திகளைப் போல 1.3 முதல் 3.2 மடங்கு வரை இருந்தது. வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சை 40 சதவீதம் அதிக வேர் நீளத்தில் பரவியிருந்தது. மண் கட்டிகள் மழைக்குக் கரையாமல் நிற்கும் திறனும் கூடுதல். தெர்வில் வயலின் ஒரு படம் வேளாண் மாணவர்கள் நடுவே பிரபலம்: நல்ல மழைக்குப் பிறகு, மூட்டை உரம் மட்டும் போட்ட பாத்தியின் மேற்பரப்பு சேறு பூசியதுபோல் மழமழவென்று படிந்து கிடக்கும். பக்கத்துப் பயோடைனமிக் பாத்தி பொலபொலவென்று, மண்புழு எச்சமும் ஓட்டையுமாக இருக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே வகை மண்ணுள்ள இரண்டு வயல்களில் இருந்து எலுமிச்சை அளவு காய்ந்த மண்கட்டி ஒவ்வொன்று எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். எருவே காணாத கட்டி இரண்டே நிமிடத்தில் சாய்ந்து, டீயில் ஊறிய வறுக்கி மாதிரி கரைந்து அடியில் போய்ப் படியும். எரு உண்ட கட்டி அரை மணி நேரம் கழித்தும் உருவம் கெடாமல் உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆய்வகத்தில் விவசாயிகளுக்கு அறிக்கைத் தாளைக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் செய்து காட்டுவேன். தாளில் இருக்கும் எண்களை யாரும் படிப்பதில்லை. டம்ளரைப் பார்த்தவர் மறப்பதில்லை.

இப்போது பயோடைனமிக்குக்கு வருகிறேன். அதன் பிறப்பே கொஞ்சம் விசித்திரம். 1924 ஜூன் மாதம், அன்று ஜெர்மனியிலும் இன்று போலந்திலும் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில், ஒரு பிரபுவின் பண்ணை மாளிகையில் ருடால்ஃப் ஸ்டைனர் எட்டுச் சொற்பொழிவுகள் செய்தார். அவர் விவசாயி அல்ல, ஆன்மிகத் தத்துவவாதி. ரசாயன உரம் வந்த பிறகு விதையும் மாடும் தளர்ந்துபோகின்றன என்று பண்ணையாளர்கள் அவரிடம் முறையிட்டதன் விளைவு அது. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். அவர் சொன்ன தயாரிப்புகளுக்கு 500 முதல் எண்கள் போட்டார்கள். 500 என்பது கொம்புச் சாண உரம். பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, பிறகு எடுத்து, ஒரு கைப்பிடி அளவைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிப்பது. 501 கொம்புக்குள் சிலிக்கா பொடி. 502 முதல் 507 வரை எருக்குவியலில் சேர்க்கும் மூலிகைகள். அவற்றில் ஒன்றை மானின் சிறுநீர்ப்பையில் அடைக்க வேண்டும், இன்னொன்றை வீட்டு விலங்கின் மண்டையோட்டில்.

கொடைக்கானல் பக்கம் ஒரு தோட்டத்தில் இந்தக் கலக்கலை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், மேலே கூரைக் கட்டையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட நீளக் கழி. ஒரு பையன் கழியை வலமாகச் சுற்றுகிறான், பீப்பாய்க்குள் சுழி விழுகிறது. சுழி அடி தொட்டதும் சட்டென்று இடமாகத் திருப்புகிறான், தண்ணீர் கொந்தளித்துக் குழம்பி மறுபடி எதிர்ச் சுழியாகிறது. இப்படி ஒரு மணி நேரம். கொம்பில் இருந்து எடுத்த பொருள் கருப்பாக, ஈரமாக, புதுமழை மண் வாசனையோடு இருந்தது. சாண நாற்றம் துளியும் இல்லை. அந்தத் தோட்டத்து மண்ணும் அருமையான மண். அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் அங்கே பன்னிரண்டு மாடு இருந்தது, ஆள் உயர எருக்குவியல் நான்கு இருந்தது, வாய்க்கால் ஓரமெல்லாம் தழை உரத்துக்கான கிளைரிசிடியா மரம் இருந்தது. இவ்வளவும் இருக்கும்போது கொம்புக்கு மட்டும் எப்படிப் பேர் போகும்?

தெர்வில்லிலும் இதே சிக்கல்தான். அங்கே மண் நுண்ணுயிர் அளவில் பயோடைனமிக் பாத்தி பெரும்பாலும் முதலிடம். ஆனால் அந்தப் பாத்திக்குப் போவது நன்றாக மட்க வைத்த கம்போஸ்ட். இயற்கைப் பாத்திக்குப் போவது பாதி மட்கிய எரு. ஜெயித்தது கம்போஸ்டா, கொம்பா? பிரிக்க முடியாது. இன்னொரு வேடிக்கை: உரமே போடாத கட்டுப்பாட்டுப் பாத்திக்கும் பயோடைனமிக் தெளிப்புகள் மட்டும் தரப்பட்டன. அந்தப் பாத்தி மண்ணின் கரிமத்தை இழந்துகொண்டேதான் போனது.

தயாரிப்புகளைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் செய்த ஆய்வு 2005-இல் வெளியானது. மண்ணின் தரத்தில் வித்தியாசமே தென்படவில்லை. ஜெர்மனியின் கைசன்ஹைம் திராட்சை ஆய்வுப் பண்ணையில் 2006-இல் தொடங்கிய சோதனையிலும் கொடியின் வளர்ச்சி, விளைச்சல் இரண்டிலும் இயற்கையும் பயோடைனமிக்கும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் நின்றன. கொம்பு வேலை செய்யும் என்று நம்புகிறவரோடு நான் வாதாடப் போவதில்லை, அதில் கெடுதலும் இல்லை. ஆனால் "ஒரு படி மேல்" என்று அதற்காகக் கூடுதல் விலை கேட்டால், அளந்து காட்டுங்கள் என்று கேட்பேன்.

விதைப்பு நாட்காட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சந்திரன் எந்த ராசியில் இருக்கிறது என்று பார்த்து வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று பிரிக்கும் அந்தக் காலண்டர் ஸ்டைனர் தந்தது அல்ல, பின்னால் மரியா துன் என்ற ஜெர்மானியப் பெண்மணி உருவாக்கியது. நமக்கு இது புதிதாகவே தோன்றாது. நம் பஞ்சாங்கத்தில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று நட்சத்திரப்படி இருப்பதைப் பார்த்துத்தானே கிழங்கு நடுவார்கள்? இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பது வேறு விஷயம். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார்: ஆளும் மாடும் தண்ணீரும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் அதுதான்டா மேல்நோக்கு நாள்.

பயோடைனமிக்கில் எனக்கு நிஜமாகவே பிடித்தது வேறு. பண்ணை தனக்கு வேண்டிய எருவைத் தானே செய்துகொள்ள வேண்டும், மாடு இல்லாமல் பண்ணை இல்லை, வயலில் ஒரு பாதி மட்டும் மாறினேன் என்று சொல்ல முடியாது, முழுப் பண்ணையும் மாற வேண்டும். பயோடைனமிக் பண்ணைகளுக்குத் தரும் டிமீட்டர் என்ற சான்று முத்திரையின் விதிகள் இவற்றை வற்புறுத்துகின்றன. சாதாரண ஆர்கானிக் சான்றிதழில் எங்கிருந்தோ லாரியில் வந்த எருவை வாங்கிப் போட்டும் தேறிவிடலாம். கொம்பை எடுத்துவிட்டு, இந்த ஒழுங்கை மட்டும் வைத்துக்கொண்டால்கூட எனக்குச் சம்மதம்.

சுவிஸ் கதை நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். அங்கே குளிர், ஆழமான வண்டல் மண், மாட்டுக்குத் தீவனப்புல் மடமடவென்று வளரும். அதனால்தான் அதே இயற்கை வேளாண் ஆய்வு நிறுவனம் மத்தியப் பிரதேசத்தின் கர்கோன் மாவட்டத்தில், கரிசல் மண்ணில், 2007-இல் இன்னொரு சோதனை தொடங்கியது. பருத்தி, சோயா, கோதுமை. பயோடைனமிக், இயற்கை, ரசாயனம், மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்தியோடு ரசாயனம் என்று நான்கு முறை. முதல் இரண்டு ஆண்டில் இயற்கைப் பருத்தி 29 சதவீதமும் கோதுமை 27 சதவீதமும் பின்தங்கின. அடுத்த இரண்டு ஆண்டில் இவை இரண்டும் சமமாகிவிட்டன. இதைச் சொல்லி மேடையில் கைதட்டு வாங்குவார்கள், ஆனால் இயற்கை ஏறி வந்து சமமாகவில்லை, ரசாயனப் பாத்தியின் விளைச்சல் இறங்கி வந்ததால் சமமானது. இதைச் சொல்லாமல் விடுவது பாதி உண்மை. சாகுபடிச் செலவு போக மிஞ்சியதில், முதல் இரண்டு ஆண்டுச் சுற்றில் ரசாயனம் 29 சதவீதம் முன்னால், இரண்டாம் சுற்றில் செலவு குறைந்ததால் இயற்கை 25 சதவீதம் முன்னால். சோயாவில் இயற்கையின் விளைச்சல் முதல் சுற்றில் 1 சதவீதம், இரண்டாம் சுற்றில் 11 சதவீதம் குறைவு, அவ்வளவுதான். அது தன் தழைச்சத்தை (நைட்ரஜன்) தானே காற்றில் இருந்து எடுத்துக்கொள்ளும் பயிர் அல்லவா? பயோடைனமிக்கும் இயற்கையும் இங்கேயும் ஏறக்குறைய ஒன்றே.

எல்லாக் கயிறும் வந்து கட்டுகிற முளைக்குச்சி இதுதான்: தழைச்சத்து எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் 2 ஏக்கருக்கும் இதே கணக்குதான்.

ஒரு டன் நெல் விளைய, பயிர் சுமார் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுக்கும். ஏக்கருக்கு 2.5 டன் என்றால் 40, 50 கிலோ. போட்டதெல்லாம் பயிருக்குப் போகாது, தண்ணீர் கட்டிய வயலில் யூரியாவின் பாதிக்கு மேல் காற்றிலும் தண்ணீரிலும் போய்விடும். அதனால்தான் ஹெக்டேருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோ என்று பரிந்துரை. 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. மூன்று மூட்டை போதும். மானிய விலையில் மூட்டை 266.50 ரூபாய், ஆக 800 ரூபாய். சைக்கிளில் கொண்டுவந்து விடலாம்.

அதே 60 கிலோவைத் தொழு உரத்தில் தர வேண்டுமென்றால்? தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம். 12 டன் வேண்டும். நாட்டு மாடு ஒன்று ஒரு வருடம் போடும் சாணம், மட்கி முடியும்போது இரண்டு டன் தேறினால் பெரிய விஷயம். ஒரு ஏக்கர், ஒரு போகத்துக்கே ஆறு மாடு. வண்டி வாடகை, இறைக்கிற கூலி தனி.

இன்னொரு பக்கம், இயற்கை விவசாயிகள் எருவுக்குப் பதில் நம்பும் கரைசலான 200 லிட்டர் ஜீவாமிர்தம்: 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி மண். எல்லாவற்றிலும் உள்ள தழைச்சத்தைக் கூட்டினால் கால் கிலோ வந்தால் அதிகம். 60 கிலோ எங்கே, கால் கிலோ எங்கே? "அது உரம் இல்லை சார், நுண்ணுயிரைத் தட்டி எழுப்பும் மோர்" என்பார்கள். சரி. எழுந்த நுண்ணுயிர் எதைத் தின்னும்? மண்ணில் ஏற்கெனவே உள்ள மட்கைத்தான். மேலிருந்து இலையும் தாளும் எருவும் வந்துகொண்டிருக்கும் வரை அது ஓடும். சேமிப்பு தீர்ந்தால் அதுவும் நிற்கும். பஞ்சகவ்யாவுக்கும் கொம்புச் சாணத்துக்கும் இதே கேள்விதான்.

தெர்வில்லின் 42 ஆண்டுக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஹெக்டேருக்கு 1.4 மாடு அளவில் எரு போன பயோடைனமிக் பாத்தியில் மண்ணின் கரிமம், அதாவது மட்கில் உள்ள கார்பன், சற்றே கூடியது. இயற்கைப் பாத்தியும், எருவும் ரசாயனமும் கலந்த பாத்தியும் இருந்ததைக் காப்பாற்றிக்கொண்டன. மூட்டை உரம் மட்டும் போட்டது இழந்தது. எருவைப் பாதியாகக் குறைத்த பாத்திகளும் கரிமத்தைக் காப்பாற்ற முடியாமல் தவித்தன, அவற்றின் பெயர்ப்பலகையில் இயற்கை என்று எழுதியிருந்தாலும்கூட.

கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2021-இல் இலங்கை அரசு ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. நாடு முழுக்க மாடும் பசுந்தாளும் கம்போஸ்டும் தயாராக இல்லாத நிலையில், அடுத்த போகத்துக்குப் பயிர் எதைத் தின்னும் என்று யாரும் கேட்கவில்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின, அதே ஆண்டு நவம்பரில் தடையை விலக்க வேண்டியதாயிற்று. அது இயற்கை விவசாயம் தோற்ற கதை என்று எழுதுகிறார்கள். பத்தியம் இருக்கச் சொல்லிக் கஞ்சியும் வைக்காமல் போன கதை என்பேன்.

சாப்பிடுகிறவர் பக்கம் இரண்டு விஷயம். இயற்கை விளைபொருளில் பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பது திரும்பத் திரும்ப உறுதியான ஒன்று. சத்து அதிகம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. அதற்காக விலை கொடுக்க வேண்டாம். இன்னொன்று, ஆர்கானிக் என்றால் மருந்தே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். திராட்சைக்கும் உருளைக்கும் தாமிர மருந்து அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெக்டேருக்கு ஏழாண்டில் 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். தாமிரம் மண்ணில் சேர்ந்தால் எங்கும் போகாது.

உங்கள் 2 ஏக்கருக்கு: முதலில் மாட்டை எண்ணுங்கள். உங்களுடையது, அண்டை வீட்டாருடையது, சாணத்தை விற்கத் தயாராக இருப்பவருடையது, எல்லாம் சேர்த்து. நான்குக்குக் கீழே என்றால் ஒரேயடியாக முழுவதும் மாறாதீர்கள். அரை ஏக்கரில் தொடங்குங்கள். தண்ணீர் வந்ததும் பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து, பூ எடுக்கும் தறுவாயில், சுமார் 45 நாளில் மடக்கி உழுதுவிடுங்கள். நன்றாக வந்தால் ஏக்கருக்கு எட்டு டன் பசுந்தழை, 25 முதல் 40 கிலோ தழைச்சத்து. மேலே சொன்ன பன்னிரண்டு டன் எருவில் பாதி சுமை அங்கேயே இறங்கிவிடும். நெல்லுக்குப் பின் உளுந்தோ பாசிப்பயறோ போடுங்கள். மிச்சம் ஒன்றரை ஏக்கரில் யூரியாவை நிறுத்த வேண்டாம், எருவோடு சேர்த்து, இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டு யூரியா தேவையைச் சொல்லும் இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் போடுங்கள். தெர்வில்லில் எருவும் ரசாயனமும் கலந்த பாத்தி ஒன்றும் மோசமாக இல்லை.

சான்றிதழ் வேண்டுமென்றால் ஓராண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று. அந்த இரண்டு ஆண்டுதான் விளைச்சலும் குறைந்து, கூடுதல் விலையும் கிடைக்காத காலம். சம்பளம் வருகிற வீடு என்றால் தாங்கலாம். நிலத்தை நம்பியே அடுப்பு எரிகிறது என்றால் அரை ஏக்கரைத் தாண்ட அவசரப்படாதீர்கள்.

கொம்பு கிடைத்தால் புதையுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு பாத்தியில் தெளித்து, பக்கத்துப் பாத்தியில் தெளிக்காமல் விட்டு, இரண்டையும் தனித்தனியாக அறுத்து எடை போடுங்கள். மூன்று போகம் போட்ட எடையை எனக்கு எழுதுங்கள்.